கடலரிப்பும் கரையோர மக்களும்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா மேடையில் ஆசிரியர்கள் பெரும்பாலும் கல்வியின் சிறப்பைப் பற்றியோ தாய்மொழியின் மேன்மையைப் பற்றியோ பேசுவது வழக்கம். இந்த ஆண்டு பொது அறிவுக்கு உதவும்படி ஏதாவது பேசுங்கள் என்று தலைமையாசிரியர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். 'கடலரிப்பு' என்று தலைப்பைச் சொன்னேன். அதைக் கேள்விப்பட்ட தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "என்ன சார், நாம குலை வெட்டுற ஆளுங்க. கடலுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சித்தியவானில் இருந்துகொண்டு கடல் நமக்குத் தூரம் என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் லுமுட். பள்ளிச் சுற்றுலா என்றால் தெலுக் பாத்திக். மாசி மகம் என்றால் பங்கோர் தீவு பத்திரகாளியம்மன் கோயில். மோட்டார் சைக்கிளில் மீன்காரர் தோட்டத்து வாசலுக்குக் கொண்டு வருகிறாரே, அந்தக் கெம்போங் மீனும் நெத்திலியும் இந்தக் கரையில் இறங்கியவைதாம். இது போக, பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் நம்மில் பலருக்குச் சொந்தபந்தம் உண்டு. அங்கே பல வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மண்கட்டு மட்டுமே. ஆகவே இது நம்முடைய விஷயமும்தான்.

கடல்கோள் வேறு, கடலரிப்பு வேறு

கடல் ஊரை விழுங்கும் என்பது தமிழர்களுக்குப் புதிய செய்தி அல்ல. சோழர்களின் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதாக மணிமேகலைக் காப்பியம் சொல்கிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊர் ஒரே இரவில் அழிந்தது. இவை கடல்கோள். ஒரு நாளில் நடப்பவை. நாடே அழும். பத்திரிகையில் படம் வரும். அரிசியும் துணியும் அனுப்புவார்கள்.

கடலரிப்பு அப்படிப்பட்டதல்ல. இந்த வருஷம் கரையோரத்தில் ஒரு தென்னை சாயும். அடுத்த வருஷம் இன்னொரு தென்னை. அதற்கடுத்த வருஷம் மீன் காய வைக்கும் பரண் நின்ற இடத்தில் தண்ணீர் நிற்கும். பிறகு ஒரு நாள் வீட்டின் அடுப்படிச் சுவரில் விரிசல் விழும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பு ஊர்ந்தே கல் தேயும் என்றால், இராப்பகலாக அலை அடிக்கும் மண் எத்தனை நாள் தாங்கும்? ஒரு தென்னை சாய்ந்தது யாருக்கும் செய்தியல்ல. அதனால்தான் கடலரிப்பில் வீடிழந்தவனின் குரல் வெளியே கேட்பதில்லை.

கரை என்றால் அசையாத நிலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நம்முடைய சம்பளச் சீட்டைப் போன்றது. சம்பளச் சீட்டில் ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பிடித்தம், இல்லீங்களா? கரைக்கும் அதே கணக்குத்தான். மழை மலையைக் கழுவி, ஆறுகள் அந்த மண்ணையும் மணலையும் கொண்டுவந்து கடலோரத்தில் கொட்டுவது வரவு. அலையும் நீரோட்டமும் அதை அள்ளிக்கொண்டு போவது பிடித்தம். இரண்டும் சமமாக இருக்கும் வரையில் கரை நிற்கும். வரவு குறைந்தால் கரை கரையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலை நேராக வந்து நேராகத் திரும்புவதில்லை. பெரும்பாலும் சாய்வாக வந்து மோதும். மோதும்போது மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒவ்வோர் அலையும் இப்படித் தள்ளத் தள்ள, மணல் கரையோரமாகவே ஊர்விட்டு ஊர் நடக்கிறது. இன்று நம் ஊர்க் கரையில் கிடக்கும் மணல், பக்கத்து ஊர்க் கரைக்குப் போய்ச் சேர வேண்டிய மணல்.

மாணவர்களே, நல்ல மழை விட்டதும் பள்ளிக்கூடத்துக் கானில் தண்ணீர் கலங்கி ஓடுமே, அப்போது பாதிக் கானை மறிக்கிற மாதிரி ஒரு செங்கல்லை வைத்துப் பாருங்கள். தண்ணீர் வரும் பக்கம் மணல் குவியும். செங்கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம் விழும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போகும் பல ஊர்களின் கதையும் இந்தச் செங்கல்லின் கதைதான்.

தாத்தா பாட்டி கப்பலேறிய துறைமுகம்

நம் தாத்தா பாட்டிமார் பலர் இந்த நாட்டுக்குக் கப்பலேறியது சென்னைத் துறைமுகத்திலும் நாகப்பட்டினத்திலும்தான். ரஜூலா கப்பல் என்றால் இங்கே இருக்கும் முதியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். 1973 வரையில் அது ஓடியது.

சென்னை இயற்கையாக அமைந்த துறைமுகம் அல்ல. திறந்த கடல். கப்பலுக்கு அமைதியான தண்ணீர் வேண்டும் என்று 1870-களில் கடலுக்குள் கல்லைக் கொட்டி, இரண்டு கை நீட்டி அணைப்பது போலச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881-ஆம் ஆண்டுப் புயல் அதை உடைத்தது. மறுபடியும் கட்டினார்கள். அந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகும். நடுவே சுவர் வந்துவிட்டது. நடந்து வந்த மணல் சுவரின் தெற்கே நின்றுவிட்டது. அப்படிச் சேர்ந்து அகன்றதுதான் உலகம் புகழும் மெரினாக் கடற்கரை. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரும் வைத்தார்.

சரி, சுவருக்கு வடக்கே என்ன நடந்தது? அங்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று மீனவர்களும் தொழிலாளர்களும் நெருக்கமாக வாழும் பகுதிகள். அங்கே போய்ச் சேர வேண்டிய மணல் வரவில்லை. வரவு நின்றது, பிடித்தம் நிற்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கரை உள்வாங்கிக்கொண்டே போனது. குடிசை போனது, கோயில் போனது, சாலையும் அரிபட்டது. கடைசியில் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டித்தான் கடலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மெரினாவின் படம் காலண்டரில் வருகிறது. திருவொற்றியூர்க் கரையின் படம் எந்தக் காலண்டரிலும் வருவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே சுவர் செய்த வேலை. ஓர் ஊரின் அழகு, இன்னோர் ஊரின் மணல்.

நூறு ஆண்டுக்குப் பிறகாவது பாடம் படித்தார்களா என்றால், அதுவும் இல்லை. புதுச்சேரியில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் நீட்டினார்கள். அதன் வடக்கே இருந்த நகரத்துக் கடற்கரை சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் போட்ட இடம் தப்பித்தது. பள்ளம் அடுத்த ஊருக்கு நகர்ந்தது. அங்கே கல் போட்டால் அதற்கும் அடுத்த ஊருக்கு. இப்படி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பகுதியில் இருக்கும் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற மீனவர் குப்பங்கள் வரையில் அரிப்பு போய்விட்டது. துறைமுகம் கேட்டது யாரோ. வீடு இழந்தது யாரோ.

பிற்பாடு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கடலடியில் எஃகினால் ஒரு தடுப்பை இறக்கி, மணலையும் கொட்டிப் பார்த்தார்கள். 2019 வாக்கில் புதுச்சேரி நகரத்தின் ஒரு பகுதியில் மணல் மறுபடி சேர்ந்தது. மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் முப்பது வருஷம் கழித்து வந்த அந்த மணலால், இழந்த குப்பத்தை மீட்டுத் தர முடியாது.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதல்ல. 1990 முதல் 2018 வரை இந்தியக் கடற்கரையை அளந்து பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு அரிபட்டுக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. நம் நாட்டிலும் குவாலா திரெங்கானு விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடலுக்குள் நீட்டிய பிறகு, அதன் வடக்கே தோக் ஜெம்பால் கரை வேகமாக அரிபட்டது. கிளந்தானில் காதலர் கடற்கரை என்று பாட்டிலும் பேச்சிலும் புகழ் பெற்றிருந்த கரையின் பெரும்பகுதி அலைக்கு இரையானது.

இழப்பது வீடு மட்டுமா?

வீடு போனால் இன்னொரு வீடு கட்டிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். கரையோர மக்களுக்குக் கரை என்பது வேலை செய்யும் இடம். நமக்கு நிரை எப்படியோ, அவர்களுக்கு மணல் அப்படி.

கட்டுமரத்தையும் சின்னப் படகையும் இழுத்து வைக்க மணல் வேண்டும். கல் கொட்டிய கரையில் படகு மோதி உடையும். கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலைக்கு நீண்ட மணல்வெளி வேண்டும். மணல் போனால் அந்தத் தொழிலே போய்விடும். வலை காய வைக்க, கிழிந்த வலையைப் பின்ன இடம் வேண்டும். பெண்கள் கருவாடு காய வைப்பதும் அதே மணலில்தான். அந்தக் கருவாட்டுக் காசில்தான் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டால் ஒரு குடம் தண்ணீருக்காக நெடுந்தூரம் நடப்பவளும் அந்த வீட்டுப் பெண்தான்.

"உள்ளே தள்ளிப் போய்க் குடியிருங்கள்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். உள்ளே தள்ளிப் போனால் இராத்திரியில் படகைக் காவல் காப்பது யார்? கடலின் நிறம் பார்த்து, காற்று பார்த்து, இன்றைக்குத் தொழிலுக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு செய்வது எப்படி? ஒரே கரையில் பத்துப் படகு நின்ற இடத்தில் மூன்று படகுக்குத்தான் இடம் என்றால், அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை வரும். அரிப்பு மண்ணைத் தின்றுவிட்டு, அடுத்தபடியாக ஊர் ஒற்றுமையைத் தின்கிறது.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இந்த வேதனை புரியாததல்ல. தோட்டத் துண்டாடல் காலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்தை விட்டு மூட்டை முடிச்சோடு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! அப்போது துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் முன்நின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். துரை விற்ற நிலத்தைக் கூட்டுறவு வாங்க முடிந்தது. கடல் கொண்டுபோன நிலத்தை எந்தச் சங்கம் வாங்கித் தர முடியும்?

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்கிறேன். நிலத்துக்குக் கிராண்ட் இருந்தால் பயமில்லை என்று நாம் நம்புகிறோம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் 49-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடல் முன்னேறி வந்து ஒருவருடைய நிலத்தில் ஒரு பகுதியைக் கொண்டுவிட்டால், அந்தப் பகுதி அவருடைய நிலமாக இல்லாமல் மாநில அரசின் நிலமாகிவிடும் என்பது அதன் கருத்து. கையில் கிராண்ட் இருக்கும், காலடியில் நிலம் இருக்காது. கிராண்ட் உள்ளவருக்கே இந்த நிலைமை என்றால், தற்காலிக உரிமத்திலும், உரிமமே இல்லாமலும் கரையோரத்தில் குடியிருக்கும் ஏழைகளின் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நமது பேரா கரை

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நம் நாட்டின் கடற்கரையை அரசாங்கம் 1984, 1985-ஆம் ஆண்டுகளில் முழுவதுமாக ஆராய்ந்தது. சுமார் 4,800 கிலோமீட்டர் கரையில் கால் பங்குக்கும் மேல் அரிபட்டுக்கொண்டிருப்பது அப்போதே தெரிந்தது. அதன் பிறகு நீர்ப்பாசன வடிகால் இலாகாவில் கடற்கரைக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது.

தெலுக் பாத்திக் போன்ற இடங்களில் மணல் இருந்தாலும், பேரா கரையின் பெரும்பகுதி சேறு. சேற்றுக் கரைக்குக் காவல் கல் அல்ல, மரம். மலாய்க்காரர்கள் பாக்காவ் என்று சொல்லும் அந்த மரங்களுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? அலையாத்தி. அலையை ஆற்றுவது, அலையின் கோபத்தைத் தணிப்பது என்று பொருள். பெயர் வைத்த நம் முன்னோர்கள் ஒரே சொல்லில் அந்த மரத்தின் வேலையைச் சொல்லிவிட்டார்கள். அதன் வேர்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நிற்கும். அலை அந்த வேர்களுக்குள் புகுந்து வேகம் இழக்கும். அது சுமந்து வந்த மண் அங்கேயே படியும். அந்த நிழலில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும். ஆகவே அலையாத்திக் காடு கரையின் வேலியாகவும் இருக்கிறது, மீனுக்குத் தொட்டிலாகவும் இருக்கிறது.

நமது மாநிலத்து மாத்தாங் காடு உலகம் அறிந்த அலையாத்திக் காடு. ஏறக்குறைய 40,000 ஹெக்டர். 1900-களின் தொடக்கத்திலிருந்தே வனத்துறையினர் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சுமார் 30 ஆண்டுக்கு ஒரு முறை வெட்டி, வெட்டிய இடத்தில் மீண்டும் வளரவிட்டு வருகிறார்கள். கரிச்சூளைக்கும் மரம் கிடைக்கிறது, காடும் நிற்கிறது. பால்மரத்தைப் பட்டை பார்த்துச் சீவினால் பல வருஷம் பால் கொடுக்கும், ஆழமாகச் சீவினால் மரமே கெட்டுவிடும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். காட்டுக்கும் அதே நியாயம்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. கரையோரச் சதுப்பு நிலத்தைத் தோட்டமாக்கியபோது கடலைத் தடுக்க நீளமாக மண்கட்டு போட்டார்கள். கட்டின் நடுவே தண்ணீர்க் கதவு வைத்தார்கள். கடல் வற்றும்போது கதவைத் திறந்து தோட்டத்து நீரை வெளியே விடுவதும், ஏற்றத்தின்போது மூடிவிடுவதும் கரையோரத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்த காரியம். கட்டுக்கு வெளியே அலையாத்திக் காடு அடர்ந்து நின்ற வரையில் கட்டுக்கு ஆபத்தில்லை. இறால் குளத்துக்காகவும் வேறு காரியங்களுக்காகவும் காடு குறையக் குறைய, அலை நெருங்கி வந்தது. வேர் இல்லாத சேறு கரைந்தது. கடைசியில் அலை கட்டின் அடியையே தொட்டது. மண்கட்டு அலையை நேரடியாகத் தாங்குவதற்காகக் கட்டியதல்ல.

பெரிய ஏற்றம் வரும் நாளில் கட்டு உடைந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வீட்டில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் அடுத்த வற்றத்தில் வடிந்துவிடும். ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு உடனே போகாது. காய்கறிச் செடி கருகும். செம்பனையின் காய்ப்பு குறையும். காய்ப்பு குறைந்தால் குலை குறையும், குலை குறைந்தால் கூலி குறையும். உடைப்பை அடைக்க முடியாத இடத்தில் பின்னால் தள்ளி இன்னொரு கட்டு போடுவார்கள். புதிய கட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்ட நிலம் கடலுக்கு விட்ட கணக்கு. ஆக, கடலரிப்பு மீனவனை மட்டும் பாதிப்பதல்ல. கட்டுக்கு உள்ளே குலை வெட்டுகிறவனின் சம்பளச் சீட்டிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், பந்தாய் ரெமிஸ் அருகே கடலோரத்தில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழி ஒன்று இருந்தது. குழிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மண்சுவர் சரிந்து விழ, கடல் பாய்ந்து உள்ளே புகுந்தது. கண்ணெதிரே மரங்களோடு மண் சரிவதை ஒருவர் படமும் பிடித்திருக்கிறார். அன்று வரை நிலமாக இருந்த இடத்தில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு புது விரிகுடா உண்டாகிவிட்டது. இது மெதுவாக நடக்கும் அரிப்பு அல்ல, திடீர்ச் சரிவு. ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஈயம் எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மெலிந்த கரை மட்டும் ஊருக்கு மிஞ்சியது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் வந்த சுனாமியை மறந்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் 68 பேர் மாண்டார்கள். பினாங்கிலும் கெடாவிலும்தான் சேதம் அதிகம். அதன் பிறகுதான் அலையாத்தி மரங்களின் அருமை பலருக்கும் புரிந்தது. அரசாங்கமே கரையோரங்களில் கன்று நடும் திட்டத்தைத் தொடங்கியது. காடு சுனாமியை முற்றாக நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வேகத்தைக் குறைக்கும். அந்தக் குறைந்த வேகத்தில்தான் சில உயிர்கள் தப்பிக்கும்.

இதற்கு மேல் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. உலகம் சூடேறுவதால் பனிமலைகள் உருகுகின்றன. கடல்நீரும் சூட்டில் விரிகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் அடிக்கோல் நீளம் 30 சென்டிமீட்டர், அதில் மூன்றில் இரண்டு பங்கு. இது ஒரு பெரிய உயரமா என்று கேட்கலாம். தட்டையான சேற்றுக் கரையில் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தால், நிலத்துக்குள் அது எத்தனையோ அடி நடந்து வரும். அந்த உயர்வின் வேகமும் இப்போது கூடிக்கொண்டிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

கடலை யாரும் கட்டிப் போட முடியாது. ஆனால் அரிப்பில் பெரும்பகுதி மனிதன் கை வைத்ததால் வந்தது என்பதைப் பார்த்தோம். மனிதன் கை வைத்ததை மனிதன் திருத்தலாம்.

முதலாவது, அலையாத்தி மரத்தை வெட்டும் காரியத்துக்குக் கூலிக்காகக்கூட நாம் துணை போகக் கூடாது. கன்று நடும் நாள் என்று அறிவித்தால், சாரணர் இயக்கத்துப் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். சேறு படுமே என்று தடுக்காதீர்கள். சேறு கழுவினால் போய்விடும்.

இரண்டாவது, ஆற்றிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் மணல் அள்ளுவதைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது. மேலே ஆற்றில் அள்ளும் ஒவ்வொரு லாரி மணலும் கீழே கரையின் வரவில் விழும் வெட்டு.

மூன்றாவது, கேள்வி கேட்கப் பழக வேண்டும். நம் நாட்டில் 1974-இலேயே சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்துவிட்டது. கடலைப் பெரிய அளவில் மண் போட்டு நிரப்புவது போன்ற வேலைகளுக்கு முன்கூட்டியே ஆய்வறிக்கை தர வேண்டும் என்ற விதி 1987 முதல் இருக்கிறது. பெரிய திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லவும் வழி உண்டு. வழி இருந்தும், மீனவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தடித்த புத்தகத்தைப் படிக்கத் தெரியும்? படித்த பிள்ளைகளின் வேலை அங்கேதான் இருக்கிறது. படித்துச் சொல்ல ஒருவர், எழுதிக் கொடுக்க ஒருவர் இருந்தால் கரையோர மக்களின் குரல் மேலே போகும்.

சித்தியவான் என்ற பெயர் 'செத்தியா காவான்' என்பதிலிருந்து வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. இரண்டு யானைகள் நண்பர்கள். ஒன்று சேற்றில் புதைந்துகொண்டது. மற்றது அதை விட்டுவிட்டுப் போக மறுத்து அங்கேயே நின்றதாம். விசுவாசமான நண்பன் என்பது அந்தச் சொல்லின் பொருள். அப்படிப் பெயர் கொண்ட ஊரில் இருந்துகொண்டு, கரையோரத்தில் சேறும் உப்புமாய்த் தவிக்கிறவர்களைப் பார்த்து 'நமக்கென்ன' என்று நாம் சொல்லலாமா?

இன்று பரிசு வாங்கப் போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்களில் ஒருவர் நாளைக்கு இஞ்சினியராகலாம். ஒருவர் மாவட்ட அலுவலகத்தில் பெரிய மேசைக்குப் பின்னால் உட்காரலாம். ஒருவர் குத்தகை எடுத்து வேலை செய்யலாம். கடலோரத்தில் ஒரு சுவரோ துறைமுகமோ கட்டும் காகிதம் உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மணல் யாருடைய கரைக்குப் போக வேண்டியது? அவர்களிடம் கேட்டாயிற்றா? அந்தக் கேள்வியை உங்களில் ஒருவர் கேட்டால் போதும், இந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியடைவோம்.